ரைஸ் குக்கரில் ஸ்டீல் கட் ஓட்ஸ் கஞ்சி: பொங்காமலும் அடிப்பிடிக்காமலும் வேகவைக்கும் முறை

முழு மணியைத் தட்டையாக்காமல் நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் உடலுக்கு நல்லது என்று வாங்கி வைத்த பலர், அது வேக அரை மணி நேரம் ஆகிறது என்ற ஒரே காரணத்தால் உடனடி ஓட்ஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். அடுப்பில் வைத்தால் தீயைத் தணித்தும் இடையிடையே கிளறியும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காலை வேளையில் அதற்கு எல்லா வீட்டிலும் ஆள் இருப்பதில்லை. மின்சார ரைஸ் குக்கர் இருந்தால் இந்தக் காவல் வேலை பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் அரிசிக்குத் தண்ணீர் வைப்பதுபோல் வைத்து, சுவிட்சை அழுத்திவிட்டுப் போய்விட்டால், மூடியின் துளை வழியாகக் கஞ்சி பொங்கி மேடையெல்லாம் வழியும். அல்லது அடியில் ஒரு படலம் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரைஸ் குக்கர் நேரத்தைக் கணக்கிடுவதில்லை, பாத்திரத்தில் தண்ணீர் தீர்வதற்காகவே காத்திருக்கிறது. கஞ்சிக்கோ தண்ணீர் தீரவே கூடாது. இரண்டு தொல்லைகளும் இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன. இதைப் புரிந்துகொண்டு அளவையும் நேரத்தையும் நாமே அமைத்துக்கொண்டால், எந்த விலைக் குக்கரிலும் நல்ல கஞ்சி கிடைக்கும்.

குக்கர் அணையும் விதம்

சுவிட்ச் வகைக் குக்கரில் உள்பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தால், சூடேறும் தட்டின் நடுவே வில்சுருளின் மேல் அமர்ந்த ஒரு சிறு குமிழ் தெரியும். பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குமிழுக்குள் ஒரு காந்த அமைப்பு இருக்கிறது. சுவிட்சை அழுத்தும்போது காந்தம் ஒட்டிக்கொள்வதால் மின்சாரம் தொடர்ந்து பாய்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீர் முழுவதையும் உறிஞ்சி அடி காய்ந்ததும் வெப்பம் விரைவாக ஏறத் தொடங்கி, ஏறக்குறைய 103 டிகிரியைத் தொடும்போது அந்தக் காந்தப் பிடிப்பு விட்டுப்போகிறது. வில்சுருள் தள்ள, சுவிட்ச் மேலே எழும்பி, குக்கர் ‘வார்ம்’ நிலைக்கு மாறுகிறது. அரிசிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

ஓட்ஸ் வேறு விதமாக நடந்துகொள்கிறது. அதிலுள்ள மாவுச்சத்தும், பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்தும் சேர்ந்து தண்ணீரைக் கூழாக்கிவிடுகின்றன. தண்ணீர் நிறைய இருந்தால், கஞ்சி தேவைக்கு மேல் வற்றும்வரை சுவிட்ச் எழும்புவதில்லை. தண்ணீர் குறைவாக இருந்தாலோ, கெட்டியான கூழ் அடியில் படிந்து அங்கு மட்டும் வெப்பம் ஏறுவதால், மேலே ஓட்ஸ் பாதி வெந்த நிலையிலேயே சுவிட்ச் எழும்பிவிடும். ஆகவே கஞ்சி வைக்கும்போது சுவிட்ச் எழும்பும் ஓசையை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். பொங்குவதற்கும் இதே கூழ்தான் காரணம். கொதிக்கும்போது எழும் நீராவிக் குமிழிகள் தெளிந்த தண்ணீரில் உடனே உடைந்துவிடும். மாவும் புரதமும் கலந்த கூழில் அவை உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுரையாக ஏறும்.

ஓட்ஸைத் தேர்ந்தெடுத்தல்

உமி நீக்கிய முழு ஓட்ஸ் மணியை எஃகுக் கத்திகளால் இரண்டு மூன்று துண்டுகளாக நறுக்கினால் கிடைப்பது ஸ்டீல் கட் ஓட்ஸ். பார்வைக்கு அரிசி நொய்யைப் போலவே இருக்கும். ஆவியில் வைத்து உருளைகளுக்கிடையே தட்டையாக்கிய ரோல்டு ஓட்ஸ் வேறு. அதை இந்த முறையில் வேகவைத்தால் மிக அதிகமாகப் பொங்கும், பசைபோல ஆகிவிடவும் செய்யும். உறையில் ‘குவிக்’ என்ற சொல் சேர்ந்திருந்தால், அது இன்னும் பொடியாக நறுக்கப்பட்ட வகை. அதற்கு இங்கே சொல்லும் நேரத்தில் பாதிகூடத் தேவைப்படாது.

ஓட்ஸில் கொழுப்பு மற்றத் தானியங்களைவிட அதிகம். ஆலையில் சூடாக்கிப் பதப்படுத்தித்தான் விற்கிறார்கள் என்றாலும், நம் ஊர் வெயிலில் திறந்த உறையில் கிடந்தால் நாளடைவில் சிக்கு வாடை வந்துவிடும். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, இடம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாசம் அடிக்கும் ஓட்ஸை எந்த முறையில் வேகவைத்தாலும் கசப்பு போகாது. அதைத் தூக்கி எறிவதே சரி.

அளவு

குக்கருடன் வரும் அளவுக் குவளை பெரும்பாலும் 180 மில்லி கொள்ளும். சமையல் குறிப்புகளில் சொல்லப்படும் கப் பல இடங்களில் 240 மில்லி. இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் கணக்கு தவறும். ஓட்ஸை எதனால் அளந்தீர்களோ அதனாலேயே தண்ணீரையும் அளக்க வேண்டும். 180 மில்லி குவளையில் தலைதட்டி எடுத்தால் சுமார் 125 கிராம் ஓட்ஸ் இருக்கும். அது மூன்று பேருக்குப் போதும். ஒருவருக்கு 40 கிராம் என்று கொண்டால், அதில் ஏறக்குறைய 150 கலோரியும், 5 கிராம் புரதமும், 4 கிராம் நார்ச்சத்தும் இருக்கும்.

தண்ணீர் ஒன்றுக்கு மூன்று என்றால் கரண்டியில் நிற்கும் கெட்டிக் கஞ்சி. ஒன்றுக்கு நான்கு என்றால் கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடும் கஞ்சி. முதல் முறை செய்பவர்கள் மூன்றரையில் தொடங்கலாம். ஆறும்போது கஞ்சி இன்னும் இறுகும் என்பதால், குக்கரைத் திறக்கும்போது சற்று நீர்த்திருப்பதே சரியான பதம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பாத்திரத்தின் கொள்ளளவு. ஓட்ஸும் தண்ணீரும் சேர்ந்து உள்பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குடும்பம் பெரியது என்று பாத்திரத்தை நிரப்பினால் எந்த உபாயமும் பொங்குவதைத் தடுக்காது.

சுவிட்ச் வகைக் குக்கரில் நேரடியாக

ஓட்ஸை ஒரு முறை, வேண்டுமானால் இரண்டு முறை, அலசி வடிகட்டுங்கள். ஒட்டியிருக்கும் மாவுத்தூள் போனால் நுரை கணிசமாகக் குறையும். நறுக்கிய மணியாக இருப்பதால் இந்த அலசலில் பெரிய சத்து இழப்பு இல்லை. உள்பாத்திரத்தின் விளிம்பிலிருந்து இரண்டு விரல் ஆழம்வரை நெய்யோ வெண்ணெயோ தடவி, அரைத் தேக்கரண்டி நெய்யைத் தண்ணீரிலும் விடுங்கள். கொழுப்பு குமிழிகளின் மேற்பரப்பைக் குலைத்துவிடுவதால் நுரை உயர எழாது. வாசனையை விரும்புகிறவர்கள் அலசுவதற்குப் பதிலாக, அதே நெய்யில் ஓட்ஸை வாணலியில் மூன்று நான்கு நிமிடம் மணம் வரும்வரை வறுத்துச் சேர்க்கலாம். வறுத்த ஓட்ஸ் கஞ்சியில் குழையாமல் தனித்தனியாக நிற்கும். இரண்டில் வறுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. நேரம் இல்லாத நாளில் அலசுவது போதும்.

அலசிய அல்லது வறுத்த ஓட்ஸையும் தண்ணீரையும் இரண்டு சிட்டிகை உப்பையும் சேர்த்துக் கிளறி, சுவிட்சை அழுத்துங்கள். மூடியை முழுவதுமாக மூடாமல், ஒரு மரக்கரண்டியை விளிம்பின் குறுக்கே வைத்து அதன்மேல் சாய்த்து வையுங்கள். கொதி வந்ததும் ஒருமுறை அடிவரை கிளறிவிட வேண்டும். அடியில் படிந்த துண்டுகள் அப்போதே மேலெழும்பிவிட்டால் பிறகு ஒட்டுவதில்லை. இந்த ஒரு கிளறலைத் தவிர்க்க வேண்டாம். கொதி வந்த நேரத்திலிருந்து 20 நிமிடம் கழித்து, சுவிட்ச் எழும்பவில்லை என்றாலும் கையாலேயே ‘வார்ம்’ நிலைக்கு மாற்றி, மூடியை நன்றாக மூடி, 15 நிமிடம் விடுங்கள். அந்தச் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்து, மேலே நிற்கும் தண்ணீர் உள்ளிழுக்கப்படும். உதகமண்டலம் போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால், கொதிக்கும் நேரத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுவிட்ச் முன்னதாகவே எழும்பிவிட்டால், அடிவரை கிளறி, அரைக் குவளை வெந்நீர் விட்டு, சில நிமிடம் பொறுத்த பிறகு மறுபடி அழுத்துங்கள். குமிழ் ஆறினால்தான் காந்தம் மீண்டும் பிடிக்கும். அது பிடிக்கவில்லையே என்று சுவிட்சின் மேல் குச்சி செருகுவதும் டேப் ஒட்டுவதும் சில வீடுகளில் நடக்கிறது. குக்கரில் இருக்கும் முதன்மையான பாதுகாப்பையே செயலிழக்கச் செய்யும் ஆபத்தான வேலை அது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

பாத்திரத்துக்குள் பாத்திரம்

இவ்வளவு கவனமும் வேண்டாம், அழுத்திவிட்டுக் குளிக்கப் போக வேண்டும் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சுவிட்ச் வகைக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். பிரஷர் குக்கரில் பருப்பு வைப்பதுபோல, ரைஸ் குக்கரின் உள்பாத்திரத்தில் வெறும் தண்ணீரை விட்டு, அதற்குள் ஒரு சிறிய ஸ்டாண்டின் மேல் ஓட்ஸ் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தை வைப்பதே அந்த முறை.

உண்மையில் தானியங்கி ரைஸ் குக்கர் பிறந்ததே இந்தத் தத்துவத்தில்தான். 1955 டிசம்பரில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கி மின்சாரக் குக்கர் இரட்டைப் பாத்திர அமைப்பு கொண்டது. அதை உருவாக்கிய யோஷிடாடா மினாமியும், வீட்டில் இடைவிடாமல் சோறு வடித்துச் சோதனைகள் நடத்திய அவர் மனைவி ஃபுமிகோவும் கண்டடைந்த வழி எளிமையானது: வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீர், அது ஆவியாகித் தீர ஏறக்குறைய 20 நிமிடம், தீர்ந்ததும் வெப்பம் 100 டிகிரியைத் தாண்ட, இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். தண்ணீரே அங்கே கடிகாரமாக வேலை செய்தது. வெளித் தண்ணீரின் அளவைக் கொண்டு வேகும் நேரத்தை நாம் தீர்மானிக்கலாம் என்பதால், தண்ணீர் தீரக் கூடாத கஞ்சிக்கு இந்தப் பழைய வழி மிகவும் பொருந்துகிறது.

செய்முறை இது. ஒரு குவளை ஓட்ஸை அலசி, ஒன்றரை லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் போட்டு, மூன்று குவளை கொதிநீரும் உப்பும் சேருங்கள். இங்கே தண்ணீர் அதிகம் ஆவியாகாது என்பதால் மூன்று போதும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடேறவே பாதி நேரம் போய்விடும். கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றுவதால் கணக்கு நம் கையில் நிற்கும். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. ஒரு தட்டால் மூட வேண்டும். குக்கரின் மூடியும் பாத்திரத்தில் இடிக்காமல் மூட வேண்டும். குக்கர் சிறியது என்றால் ஓட்ஸைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்ற சிறிய பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே விடும் தண்ணீர் இரண்டரை முதல் மூன்று குவளை, அதாவது 450 முதல் 540 மில்லி. 700 வாட் குக்கர் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வல்லது. மூடியில் பட்டுக் குளிர்ந்து கொஞ்சம் தண்ணீர் மீண்டும் உள்ளேயே விழுவதால் நடைமுறையில் அதைவிட மெதுவாகத்தான் தீரும். எனவே இந்த அளவு 35 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் ஆவிச்சூட்டில் வேக அந்த நேரம் வேண்டும். முதல் தடவை நேரத்தைக் குறித்துவைத்து, உங்கள் குக்கருக்கு அரைக் குவளை கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று பார்த்துக்கொண்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே பதம் வரும். சுவிட்ச் எழும்பிய பின் பத்து நிமிடம் கழித்துத் திறந்து, ஒருமுறை கிளறுங்கள். அடிப்பிடிப்பதற்கு இங்கே வழியே இல்லை. உள்பாத்திரத்தில் ஒட்டாத பூச்சு இருந்தால் அதற்கும் கேடு வராது.

கஞ்சிப் பொத்தான் உள்ள குக்கரில்

கணினிச் சில்லால் இயங்கும் ஜப்பானிய, கொரிய வகைக் குக்கர்களில் கஞ்சிக்கென்றே ஒரு தேர்வு இருக்கும். வெப்ப உணரியைக் கொண்டு சூட்டை விட்டுவிட்டுக் கொடுப்பதால் அவற்றில் கொதி பெரும்பாலும் பொங்கும் அளவுக்கு ஏறாது. உள்பாத்திரத்தில் கஞ்சிக்காகக் கீறியிருக்கும் கோடு அரிசிக்கானது, அரிசிக் கஞ்சிக்கு ஓட்ஸைவிடக் கூடுதல் தண்ணீர் வேண்டும். ஆகையால் கோட்டைப் பார்க்காமல் ஒன்றுக்கு மூன்றரை என்ற அளவிலேயே வையுங்கள். சாதாரண அரிசித் தேர்வில் வைத்தால் நீராவித் துவாரம் அடைத்துக்கொள்ளும். கஞ்சித் தேர்வு முடிய ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

இவ்வகைக் குக்கரில் இரவே நேரம் குறித்துவைத்துக் காலையில் சூடாகச் சாப்பிடும் வசதி உண்டு. வெறும் தண்ணீரில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பாலோ மோரோ நறுக்கிய பழமோ சேர்த்து இரவு முழுவதும் அறைச் சூட்டில் விடுவது கூடாது. கோடை இரவுகளில் தண்ணீரில் ஊறும் ஓட்ஸ்கூடப் புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால், அந்த மாதங்களில் தனிப் பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஊறவைத்துக் காலையில் குக்கருக்கு மாற்றுவதே பாதுகாப்பானது. ஊறிய ஓட்ஸ் சீக்கிரம் வேகும். சுவிட்ச் வகைக் குக்கரில் நேரடியாக வைத்தால் கொதித்த பின் 12 நிமிடம் போதும்.

உப்பு, பால், இனிப்பு

உப்பைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். இறக்கிய பின் தூவினால் மணிக்குள் ஏறுவதில்லை. ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1994 முதல் நடந்துவரும் உலகக் கஞ்சிப் போட்டியின் முதன்மைப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. இனிப்பாகச் சாப்பிடுகிறவர்களும் இந்தச் சிட்டிகை உப்பை விடக் கூடாது. அது இல்லாத கஞ்சி எவ்வளவு வெல்லம் போட்டாலும் சப்பென்றே இருக்கும்.

பாலை வெந்த பிறகே சேர்க்க வேண்டும். நேரடி முறையில் தொடக்கத்திலேயே பால் விட்டால் அது அடியில் படிந்து தீயும், பொங்கும், சுவிட்சையும் முன்னதாக எழுப்பிவிடும். பாலிலேயே வெந்த கஞ்சி வேண்டுமென்பவர்கள் பாத்திரத்துக்குள் பாத்திரம் முறையில் பாதித் தண்ணீர், பாதிப் பால் வைக்கலாம். பாலையும் நன்றாகச் சூடாக்கியே ஊற்ற வேண்டும். கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பதென்றால் பாகாகக் காய்ச்சி வடிகட்டி, கஞ்சி சற்று ஆறிய பின் கலக்குங்கள். கொதிக்கும் பாலில் வெல்லம் பட்டால் சில சமயம் திரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்தக் கஞ்சிக்கு மோர்தான் பொருத்தம். ஒன்றுக்கு நான்கு அளவில் நீர்க்க வேகவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, கடைந்த மோர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, மாவடுவுடன் குடித்துப் பாருங்கள். ஓட்ஸுடன் கால் பங்கு வறுத்த பாசிப்பருப்பையும் ஒன்றுக்கு மூன்று தண்ணீரில் வேகவைத்து, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டினால் பொங்கலும் ஆகும்.

இரத்தக் கொழுப்பைக் குறைக்க ஓட்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற அளவை வைத்து 1997-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் உறைகளில் இதய நலம் பற்றிய வாசகத்துக்கு அனுமதி தந்தது. 40 கிராம் ஓட்ஸில் அதில் பாதியளவு கிடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு உடனடி ஓட்ஸைவிட இது நல்லது என்பது உண்மை. ஆனாலும் இதுவும் மாவுச்சத்து உணவே, கிண்ணத்தின் அளவு பெருகக் கூடாது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள், குளூட்டன் இல்லாதது என்று உறுதியளிக்கும் உறையை மட்டுமே வாங்கி, அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

மீந்ததும் கழுவுவதும்

‘வார்ம்’ நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் மேலே ஏடு படிந்து அடி இறுகும். சாப்பிட்டு மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் கெடாது. குளிர்ந்த கஞ்சி கட்டியாகத்தான் இருக்கும். அரைக் கிண்ணம் கஞ்சிக்கு நான்கைந்து மேசைக்கரண்டி வெந்நீரோ பாலோ விட்டு, உடைத்துக் கிளறி, ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் பழைய பதம் திரும்பும்.

கஞ்சியை எடுத்தவுடன் உள்பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காய்ந்துவிட்ட ஓட்ஸ் கூழைச் சுரண்டினால் ஒட்டாத பூச்சு போய்விடும். ஊறியதைத் துணியால் துடைத்தாலே வந்துவிடும். மூடியின் நீராவித் துவாரத்தையும், கழற்றக்கூடிய மூடிகளில் உள்தகட்டையும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும், ஏனெனில் அங்கே படியும் மெல்லிய கூழ் காய்ந்து துளையை அடைத்தால் மறுநாள் சோறு வைக்கும்போதும் பொங்கும். சூடேறும் தட்டின் மேல் ஏதேனும் சிந்தியிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, தட்டு ஆறிய பின் ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, நடுக்குமிழைச் சுற்றி ஒரு துணுக்கு ஓட்ஸும் சிக்கியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டே பாத்திரத்தை மறுபடி உள்ளே வையுங்கள்.